எக்கோ லைட் எரியலை, சார்!

‘பெட்ரோல் சிக்கனத்துக்கு ஒரு பச்சை லைட் வருமாமே, எனக்கு மட்டும் எரியவே மாட்டேங்குதே!’ புதுக் கார் வாங்கியவர்கள் சர்வீஸ் சென்டரில் வைக்கும் புகார்களில் இதுவும் ஒன்று.

விவரம் தெரிந்த மெக்கானிக் உடனே ஸ்பானரைத் தேட மாட்டார். ‘கியர் டி-யில இருந்துச்சா சார்? ஸ்போர்ட் மோடுல போட்டிருந்தீங்களா? செட்டிங்ஸ்ல யாராச்சும் ஆஃப் பண்ணிட்டாங்களா?’ என்று மூன்று கேள்வி கேட்பார். மூன்றும் இல்லையென்றால், கொஞ்சம் தயங்கி நாலாவதைச் சொல்வார். ‘லைட்டு நல்லாத்தான் இருக்கு. ஆக்ஸிலரேட்டரைத்தான் கொஞ்சம் மெதுவா மிதிக்கணும்.’

எக்கோவைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவருக்கு ஈகோ அடிபடுகிற இடம் இது!

இந்த விளக்கில் இரண்டு ஜாதி உண்டு. சில கார்களில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் இன்ஜின் கொஞ்சம் நிதானமாகும், ஏசி கொஞ்சம் அடங்கும், விளக்கு எரியும். ‘பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது’ என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு நீங்கள் பெடலை ஓங்கி மிதித்தாலும் அது பாட்டுக்கு எரியும். சட்டையில் குத்திக்கொண்ட பாட்ஜ் மாதிரி.

இன்னொரு ஜாதி, 2006-ல் ஜப்பானில் டொயோட்டா தன் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு அறிவித்தது. நீங்கள் மென்மையாக வேகமெடுத்தால் எரியும், முரட்டுத்தனமாக மிதித்தால் அணையும், வண்டி நின்றாலும் அணையும். இது பாட்ஜ் இல்லை, கண்ணாடி. உங்கள் காலை உங்களுக்கே காட்டுகிறது.

ஆனால், காலை மட்டும்தான் காட்டும்.

டயரில் காற்று குறைந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். விளக்கு அதைச் சொல்லாது. டிக்கியில் தேவையில்லாத மூட்டை கிடந்தாலும் சொல்லாது. பள்ளி வாசலில் அரை மணி நேரம் இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டுக் காத்திருந்தாலும் ஒரு வார்த்தை கேட்காது. மாறாக, வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அது அடிக்கடி அணையும். பின் சீட்டில் பிரசவ வலியோடு ஒரு பெண் இருந்து, நீங்கள் ஆஸ்பத்திரிக்கு விரையும்போதும் அணையும். அந்த நேரத்தில் பச்சை விளக்குக்காக மெதுவாகப் போகிறவரை நல்லவர் என்போமா?

சரி, ஒரு சின்ன சோதனை. அந்த விளக்கு ஒருநாள் நிஜமாகவே ரிப்பேர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் நிதானமாக ஓட்டுவீர்களா?

ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1785-ல் எழுதிய நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் சரியான விலைதான் வாங்குவார். நல்ல மனுஷர்தான். ஆனால், பேர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதற்காக அப்படி நடந்தால், அது நேர்மையா, லாபக் கணக்கா? கணக்குதான் என்கிறார் கான்ட்.

‘அதனால என்ன சார்? குழந்தை ஏமாறலையே! எந்தக் காரணத்துக்காக மிதமா ஓட்டினாலும் பெட்ரோல் மிச்சம்தானே?’ என்று நீங்கள் மடக்கலாம். வாஸ்தவம். புகைக்கு நோக்கம் தெரியாது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், விளக்கு பார்க்காத இடத்தில். ஃபோக்ஸ்வாகன் விவகாரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஸ்டியரிங் அசைவு, வேகம் போன்றவற்றை வைத்து ‘இப்போது நமக்குப் பரீட்சை நடக்கிறது’ என்று டீசல் காரே கண்டுபிடிக்கும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் சமர்த்தாக இருக்கும். சாலைக்கு வந்தால் நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அனுமதித்த அளவைப்போல் 40 மடங்கு வரை கக்கும். 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு இதை வெளியிட்டது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பரீட்சைத் தாளில் நல்ல மார்க். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு என்ன மார்க்?

பச்சை விளக்குக்காக மட்டும் நல்லவராக இருப்பது, இந்தப் பாதையின் முதல் படி. விளக்கைப் பழிக்க வேண்டாம். அது ஒரு வாத்தியார். சைக்கிள் கற்றுத்தருகிறவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாரே, அந்த மாதிரி. அவர் கையை விட்ட பிறகும் விழாமல் ஓட்டினால்தான் கற்றுக்கொண்டோம் என்று அர்த்தம்.

எனவே, முடிந்தால் இதைச் செய்து பாருங்கள். டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கின் மேல் ஒரு துண்டு ஸ்டிக்கரை ஒட்டிவிடுங்கள். வழக்கம்போல் ஓட்டி, மறுபடி டேங்க்கை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, போட்ட லிட்டரால் வகுங்கள். 400 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் என்றால், லிட்டருக்கு 16.

யாரும் பார்க்காதபோது நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது அந்த எண்ணில் இருக்கும்.