முசாபிரின் கடன்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயில் குரும்பூரைத் தாண்டி ஆறுமுகநேரியை நெருங்கும்போதே உப்புக் காற்று நம் முகத்தில் வந்து படும். கடலோரப் பக்கம் சென்றால் வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியல்கள். அடுத்துள்ள காயல்பட்டினத்திலோ பழம்பெரும் பள்ளிவாசல்களும் கடற்கரையும். பிற்பகலில் வந்திறங்கும் வெளியூரார், "எவ்வளவு அமைதியான ஊர்!" என்று வியப்பர். அவ்வமைதி யாருடையது என்பதே நம் வினா.

உப்பளத் தொழிலாளர்கள் பொழுது புலருமுன்பே பாத்திகளில் இறங்கிவிடுகின்றனர். கால்களை அரிக்கும் உப்பு நீரில் நின்று, வெயில் ஏறுமுன் உப்பை வாரி வரப்பில் சேர்க்கின்றனர். நாம் ஊர் பார்க்கப் புறப்படும் வேளையில் அவர்கள் வீட்டில் உடல் சாய்த்திருப்பர். நாம் அமைதி என்று கண்டது அவர்களின் களைப்பேயாகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினாலோ அவ்வேலையும் இல்லை.

முசாபிருக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கலாம். ரமலான் நோன்பைப் பின்னர் நோற்கலாம். எனினும் அதற்கு எல்லையுண்டு. வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணியவர், ஷாபிஈ மத்ஹபின்படி முசாபிரல்லர், முழுமையாகவே தொழவேண்டும். விருந்து மூன்று நாட்களே என்பதும், வீட்டாரைச் சிரமத்துக்குள்ளாக்கும் அளவுக்குத் தங்கலாகாது என்பதும் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையாகும். சலுகை தந்த இறைவனே ஊராரின் சிரமத்தையும் எண்ணிப்பார்க்கச் சொல்கிறான் என்பது இதிலிருந்து விளங்கும்.

"காசு கொடுத்துத்தானே தங்குகிறோம், பிறகு என்ன கடன்?" என்று சிலர் கேட்கக்கூடும். 2023 டிசம்பரில் பெய்த பெருமழையை அவர்கள் நினைவுகூர வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டு, இதே ஆறுமுகநேரி வழியாகச் சென்ற இரயில், ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தால் நின்றுவிட்டது. அதில் ஏறத்தாழ 800 பேர் இருந்தனர். அருகிலுள்ள புதுக்குடி மக்கள், தங்கள் பகுதியே வெள்ளத்தில் தவித்த நேரத்தில், கையிலிருந்த அரிசியைக் கொண்டு சமைத்து அவர்களுக்கு உணவளித்தனர். யார், எந்த ஊர், எந்த மதம் என்று கேட்டுச் சோறிடவில்லை. அந்தச் சோற்றின் விலையை எந்தப் பயணச்சீட்டில் அச்சிட முடியும்?

ஆகவே காசு கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. ஸலாமும் வணக்கமும் சொல்லி ஊராரோடு நின்று பேசுவதும், கூலிக்காரரிடம் பேரம் பேசாதிருப்பதும், வெள்ளம் வந்தபோது அவ்வூரை மறவாதிருப்பதும் முசாபிர் பட்ட கடனே. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றனர் நம் முன்னோர். சோறிட்டவரையே நாம் அதில் நினைக்கிறோம். உப்பை வாரியவரையும் நினைப்போமாக. ஆறுமுகநேரியை ஒருமுறையும் காணாதவர் வீட்டு உலையிலும் அவருடைய உழைப்பு கரைந்திருக்கக் கூடுமன்றோ?