இல்லாதவனுக்காகச் சிந்திய கண்ணீர்

வில்லியனூரை அடுத்த ஒதியம்பட்டில் உறவினர் இல்லம் ஒன்றிற்கு அண்மையில் சென்றிருந்தேன். அவ்வீட்டுச் சிறுவன் கைப்பேசியில் ஜப்பானியச் சித்திரப் படம் ஒன்றைப் பார்த்து விம்மிக்கொண்டிருந்தான். "யாருக்கு என்ன, தம்பி?" என்றேன். "ரெங்கோகு மௌத்தாகிவிட்டார், மாமா!" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒருநாளும் உயிர் வாழாத ஒருவனுக்கு மரணம் ஏது? அதற்கு அழுகை ஏது?

ஆனால் அச்சிரிப்பு நிலைக்கவில்லை. 1970ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் டோக்கியோ நகரில் ஒரு பதிப்பகத்தில் ஏறத்தாழ எழுநூறு பேர் கூடி இறுதிச் சடங்கு நடத்தினர். மறைந்தவன் ரிக்கிஷி என்னும் குத்துச்சண்டை வீரன். 'அஷிதா நோ ஜோ' என்னும் சித்திரத் தொடர்கதையின் பாத்திரம். அச்சடங்கை முன்னின்று நடத்தியவர் தெராயாமா என்னும் கவிஞர்.

அவர்களை விடுவோம், நாம் மட்டும் என்ன? 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் காத்திருந்து படித்த தமிழர்கள், தம் பெண்மக்களுக்குப் பூங்குழலி என்றும் வானதி என்றும் பெயரிடவில்லையா? பின்னாளில் அக்கதையைப் படித்து, மணிமேகலையின் முடிவை எண்ணி இரவெல்லாம் உறங்காதவன்தானே நானும்!

ஆகவே, கற்பனை மாந்தரிடம் அன்பு கொள்வது பிழையன்று. காணாதவர் துயரைத் தன் துயராய் உணரும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்த பேறு. அஃது இல்லையேல் காவியமும் இல்லை, இரக்கமும் இல்லை. எனினும் இவ்வன்பில் ஒரு குறை உண்டு. சித்திர வீரன் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. நள்ளிரவில் இருமுவதில்லை; சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்வதில்லை; மருந்துக்குப் பணம் வேண்டுவதில்லை. அவனை நேசிப்பது எளிது. எளிய அன்பிலேயே பழகிய நெஞ்சம், அரிய அன்புக்கு அழைப்பு வரும்போது எழுந்து செல்லுமா? நம்முன் நிற்கும் கேள்வி இதுவே.

ரெங்கோகுவை அவன் ஏன் அவ்வளவு நேசிக்கிறான் என்று கேட்டேன். அவன் கதையைச் சொன்னான். 2016 முதல் 2020 வரை ஜப்பானிய வார இதழில் வெளிவந்த 'டீமன் ஸ்லேயர்' தொடரின் வீரன் அவன். 2020இல் வந்த திரைப்படத்தில், தொடர்வண்டியில் வந்த பயணிகளைக் காத்து உயிர் துறக்கிறான். அவன் சிறுவனாயிருந்தபோது, நோயுற்றிருந்த அவன் தாய் ஓர் அறிவுரை கூறினாளாம். வலிமையோடு பிறந்தவர் எளியவருக்கு உதவுதல் கடமை என்பதே அதன் சாரம்.

கதையில் நானும் மூழ்கிவிட்டேன். அப்போது உள்ளறையிலிருந்து தளர்ந்த குரல் ஒன்று தண்ணீர் கேட்டது. படுக்கையில் கிடக்கும் அவனுடைய நன்னா அவர். அக்குரல் முன்னரே இருமுறை என் காதில் விழுந்திருந்தது என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். சிறுவன் கண்களைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே சென்றான்.

எழுந்தவன் அவன், அமர்ந்திருந்தவன் நான். கற்பனை வீரனுக்காக அழலாமா என்று அவனிடம் கேட்க வந்த எனக்கு, அதன்பின் கேட்க ஒன்றுமில்லை. கண்ணீர் யாருக்காகச் சிந்தப்பட்டது என்பதைவிட, அது காய்ந்தபின் நாம் யாருக்காக எழுகிறோம் என்பதே பெரிது.