மறுக்க முடியாதவரிடம்

எங்கள் ஊர் கட்டுமாவடியில் வேற்று மதத்தாரோடு பழகுவதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மீன் மார்க்கெட்டில் ஏலம் கூறுபவரும் படகுக்காரரும் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்குபவரும் ஒரே மதமாக இருக்க மாட்டார்கள். இருந்தால்தான் வியாபாரம் என்றால் ஒரு நாளும் ஓடாது. ரமலானில் நோன்புக் கஞ்சி வீடு தேடி வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் தெரு முழுக்கப் போகும். தெற்கே கோட்டைப்பட்டினம் ராவுத்தர் அப்பா தர்காவுக்கு இந்துக்களும் போவார்கள். வடக்கே வேளாங்கண்ணி மாதாவுக்கு எல்லாரும் நேர்ந்துகொள்வார்கள்.

இதில் எனக்கு நிறையவே சந்தோஷம் உண்டு. ஆனாலும் இதைக் கிறிஸ்தவ சகிப்புத்தன்மை என்று சொல்லிக்கொள்ளத் தயங்குகிறேன். நாங்கள் இங்கே கொஞ்சம் பேர். கொஞ்சம் பேராக இருப்பவர்கள் அனுசரித்துத்தான் போவார்கள். அதற்குப் பெரிய விசுவாசம் தேவையில்லை. வேறு நம்பிக்கை உள்ள ஒருவர் நம் தயவை எதிர்பார்த்து நிற்கும்போது நாம் என்ன செய்கிறோம்? நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, நம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளி, நம் வீட்டுக்கு வரப்போகும் மருமகள், இவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம்? என் கேள்வி அதுதான்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபோது இந்தப் பக்கம் தென்னையும் படகும் எப்படி அழிந்தன என்பதை இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். உதவ வந்தவர்களில் ஒரு குழு, அரிசிப் பையோடு ஜெபத் துண்டுப்பிரசுரம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தது. என் மதத்தார்தான், நல்ல மனசுக்காரர்கள்தான். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்த ஒரு பெரியம்மா அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரால் வேண்டாம் என்று சொல்லியிருக்க முடியுமா? கூரை போன வீட்டுக்காரர் அரிசி கொடுக்கும் கையிடம் எதை மறுப்பார்? பிரசுரத்தில் எழுதியிருந்ததை நானும் விசுவசிக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு ஆசையும் உண்டு. ஆனால் கேட்பவர் மறுத்துவிட்டுப் போகக்கூடிய நிலையில் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் யூதர்கள் வேற்றாராக ஒதுக்கிய சமாரியரின் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்றுக்கொள்ள மறுக்கிறது. வானத்திலிருந்து நெருப்பை வரவழைத்து அந்த ஊரை அழித்துவிடலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். அவர் அவர்களைக் கடிந்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விடுகிறார். நம் பிரசங்கங்களில் அதிகம் வராத பகுதி இது. அடுத்த அதிகாரத்திலேயே நல்ல சமாரியன் கதை வருகிறது. கதவைச் சாத்தியது சமாரியர் ஊர். அயலானுக்கு இலக்கணமாக இயேசு காட்டியதும் ஒரு சமாரியனை! அந்தச் சமாரியன் தன் மதத்தை விட்டுவிட்டான் என்று கதையில் எங்கும் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த பிறகு என் ஜெபமே மாறிப்போனது.

எங்கள் ஊருக்கு வடக்கே, மல்லிப்பட்டினம் பக்கத்தில், மனோரா நிற்கிறது. நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாகத் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. பிள்ளைகளோடு அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது சரபோஜியின் சிறுவயதுக் கதையை. 1787-இல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில், தான் தத்தெடுத்த பத்து வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்தது லுத்தரன் பாதிரியார் ஸ்வார்ட்ஸிடம். பையனின் அரியணைக்குப் போட்டி இருந்தது, உயிருக்கும் பயம் இருந்தது. ஸ்வார்ட்ஸ் தன் விசுவாசத்தை ஒளித்து வைத்தவர் அல்ல. ஆயுள் முழுக்கப் பிரசங்கம் செய்தவர். அந்தப் பையனுக்குப் படிப்புக்கு வழி செய்தார், அவன் உரிமைக்காக வாதாடினார். அதற்கெல்லாம் ஞானஸ்நானத்தை விலையாகக் கேட்கவில்லை. 1798-இல் சரபோஜி இந்துவாகவே அரியணை ஏறினார். அதே ஆண்டு இறந்துபோன பாதிரியாருக்காக லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் பளிங்குச் சிற்பம் செய்யச் சொல்லி வரவழைத்தார். தஞ்சை சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் ஆலயத்தில் அதைப் பார்க்கலாம்.

தெற்கே ஓரியூர். அருளானந்தர் என்று நாம் சொல்லும் ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்ட இடம். அந்தச் செம்மண்ணை நானும் நெற்றியில் வைத்திருக்கிறேன். மறவர் தலைவரான தடியத்தேவர் அவர் போதனையால் ஞானஸ்நானம் பெற்றபோது, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் கடலை என்ற பெண், இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவினர், அவரிடமே போய் முறையிட்டாள். அதிலிருந்து வந்தது அந்த மரணம். நம் கதைகளில் அவள் வில்லி. மாலை மாற்றி வந்த பெண்ணை ஒருநாள் திடீரென்று மனைவி இல்லை என்றால் அவள் வேறு என்ன செய்வாள்? புனிதரை வணங்கிக்கொண்டே அவள் பக்கத்து வலியையும் நாம் கேட்கலாம். அதனால் அவர் சிந்திய இரத்தத்துக்கு ஒரு குறையும் வராது.

இப்படிப் பேசினால், எல்லா மதமும் ஒன்றுதான் என்கிறாயா, விசுவாசம் தளர்ந்துவிட்டதா என்று கேட்பார்கள். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைச் சொல்வேன். தேவமாதா அந்தாதி பாடிய கத்தோலிக்கர். சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் அவர் எழுதியதுதான். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர். இருவரும் தத்தம் கோயிலில் உறுதியாக நின்றார்கள்.

இப்போது என் தங்கை மகன் ஓர் இந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்யப்போகிறான். "கல்யாணத்துக்கு முன்னாடி ஞானஸ்நானம் வாங்கிட்டா பிரச்சனையே இல்லண்ணே. மாட்டேன்னா சொல்லப்போவுது அந்தப் புள்ள?" என்கிறாள் தங்கை. சொல்ல மாட்டாள். பிடித்தவனுக்காக எதற்கும் தலையாட்டுவாள். எனக்குப் பயமே அதுதான். திருச்சபைச் சட்டம் அதைக் கேட்கவே இல்லை. திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரிடம் முறைப்படி அனுமதி வாங்கினால் போதும். பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்க இயன்றதெல்லாம் செய்வேன் என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுக்க வேண்டும், அதைப் பெண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த வாக்கு அவளுக்கு எவ்வளவு பாரம் என்பதை, பத்திரிகை அடிப்பதற்கு முன்பே, அவள் அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு பேசியாக வேண்டும். தங்கை இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் அனுமதி விண்ணப்பம் பற்றிக் கேட்க, பையனையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.