தயவா, உரிமையா?

நம் நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் மருத்துவம் இலவசம். உழைக்கும் மக்கள் பெற்ற பேறுகளுள் இதனோடு ஒப்பிடத்தக்கது இலவசக் கல்வி ஒன்றே. ஆயினும், இலவசம் என்பதும் சமத்துவம் என்பதும் ஒன்றுதானா? போரில் முள்ளந்தண்டு சேதமுற்றவர்கள் வன்னியில் பலர். பஸ்ஸில் ஏறவியலாத அவர்களுள் ஒருவர், குடும்பத்தின் ஒருநாட் கூலியை ஓட்டோவுக்குக் கொடுத்தே அந்த இலவச மருந்தைப் பெறுகிறார்.

வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. அதன் 23ஆம் பிரிவு, தொழிலிலும் கல்வி நிலைய அனுமதியிலும் பாரபட்சத்தைத் தடைசெய்கிறது. பொதுமக்கள் செல்லும் கட்டடங்களை அவர்களுக்கும் திறந்துவிடுகிறது. மருத்துவம் அப்பிரிவில் தனியே பேசப்படவில்லை. வைத்தியசாலையும் அங்கு ஒரு கட்டடமே. அந்தக் கட்டட உரிமைதானும் எளிதில் வந்ததன்று. அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வெளிவந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா வழக்குத் தொடுத்த பின்னரே, புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு அமையவேண்டுமென உயர் நீதிமன்றம் 2011இல் கட்டளையிட்டது.

சரிவுப்பாதை வழியே உள்ளே சென்றாயிற்று; பிறகு? செவிப்புலனற்ற பெண்ணொருத்தி வைத்தியர்முன் அமர்ந்திருக்கிறாள் என்று கொள்வோம். சைகை மொழி அறிந்தவர் எவருமில்லை. வைத்தியர் மாமியாரிடம் வினவுகிறார். மாமியார் விடை கூறுகிறார். கருத்தடை பற்றிய முடிவுகூட அவ்விருவரிடையே நிகழ்ந்துவிடுகிறது. எந்தச் சீமெந்துச் சரிவு இதனைத் தீர்க்கும்?

மனம் மாறினாற் போதும், சட்டம் எதற்கு என்பாருமுளர். நல்ல மனமுடைய வைத்தியர்களும் தாதியரும் நம்மிடையே இல்லாமலில்லை. ஆனால் அவர்களுக்கு இடமாற்றம் வந்ததும் அந்த நீதியும் அவர்களோடு பஸ் ஏறிவிடுகிறதே! தயவைப் பெற்றவர் நன்றி கூறலாம். அது கிடைக்காதபோது எவரிடம் முறையிடுவார்?

அரசியலமைப்பின் 12(4)ஆம் உறுப்புரை, வலது குறைந்தோருக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடமளிக்கிறது. செய்தேயாக வேண்டுமென்று கூறவில்லை. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 25ஆம் உறுப்புரையோ, மற்றையோர்க்கு ஒப்பான தரமுள்ள மருத்துவத்தை, நோயாளியின் அறிந்த சம்மதத்துடன் வழங்கக் கோருகிறது. இது உள்நாட்டுச் சட்டத்தில் திட்டமாக எழுதப்படவேண்டும்: சம்பளம் பெறும் சைகை மொழிபெயர்ப்பாளர், தாழ்த்தத்தக்க பரிசோதனைக் கட்டில், கிராமத்தைத் தேடிவரும் சிகிச்சை. 1996ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்குக் காட்டும் வழி மேல் நீதிமன்றம். ஓட்டோவுக்கே கூலியை இழந்தவர் சட்டத்தரணிக்கு எதைக் கொடுப்பார்? தமிழிலும் சிங்களத்திலும் சைகையிலும் கட்டணமின்றி முறையீட்டை ஏற்கும் ஓர் அமைப்பையும் மாவட்டந்தோறும் அச்சட்டம் நிறுவுதல் வேண்டும்.