நிழற்படமும் தியானமும்

மலேசியாவின் பாகான் டத்தோ வட்டாரத்துத் தோட்டப்புற வீடுகளில் சாமி மேடையில் தெய்வப் படங்களும், சுவரில் மறைந்த பெற்றோரின் மாலையிட்ட படங்களும் வணங்கப்படுவதால், படக்கருவி பதிந்து தரும் வெளித்தோற்றம் வணங்குதற்குரிய உருவமாவது எவ்வாறு என்னும் வினா அன்றாட வாழ்விலேயே எழுகிறது.

இதற்கு விடைகாணத் துணைநிற்பவர், யாழ்ப்பாணத் தமிழ் மரபினரான முத்து குமாரசுவாமியின் மகனாக 1877-இல் கொழும்பில் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி ஆவார். நிலவியல் பயின்ற அவர், 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் தம் மனைவி எதெல் எடுத்த நிழற்படங்களைச் சேர்த்தார். 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைத்தொகுப்பைப் பேணிய காலத்தில் தாமும் படமெடுத்தார்.

தோற்றத்தைப் போலச் செய்தல் மட்டும் கலையாகாது என்பதும், தெய்வத்தின் நிறம், கைகள், படைக்கலம், இருக்கை ஆகியவற்றை உரைக்கும் செய்யுளாகிய தியான சுலோகத்தின் வழியே சிற்பி உருவத்தை உள்ளத்தில் கண்ட பின்னரே உளியை எடுக்கிறான் என்பதும் அவர் கொள்கை. அத்தகையவர், அமெரிக்க நிழற்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் அளித்த 27 நிழற்படங்கள் 1924-இல் அவ்வருங்காட்சியகத்தில் கலைப்படைப்புகளாக இடம்பெறத் துணைநின்றது முரணாகத் தோன்றலாம். ஆயினும் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் மேகங்களைப் படமெடுத்து, அவற்றின் வரிசைக்குப் பின்னர் 'நிகர்கள்' என்னும் பொருள்படப் பெயரிட்டதை நோக்கின், புறத்தே உள்ள மேகம் அகத்தே உள்ள உணர்வுக்குக் குறியாக நிற்பது விளங்கி, அம்முரண் நீங்கும்.

சைவ சித்தாந்தம் இறைவனின் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என வகுத்து, கண்ணுக்குப் புலனாகியும் முகம், கை முதலிய உறுப்புகள் இல்லாத இலிங்கத்தை அருவுருவம் என்கிறது. மேகப் படம் வழிபாட்டுப் பொருள் ஆகாவிடினும், கண்டதைக் கொண்டு காணாததை உணர்த்தும் நெறியில் இலிங்கத்தோடு ஒப்புநோக்கத் தக்கது.

அடையாள அட்டைக்காக எடுத்துப் பின்னர்ப் பெரிதாக்கிய தந்தையின் படத்திலோ எடுத்தவரின் தியானம் இல்லை. எனினும், கலையின் சுவையாகிய ரசம் காண்போர் உள்ளத்தில் விளைவது என்னும் இந்திய அழகியல் கொள்கையின்படி, நாள்தோறும் விளக்கேற்றி நினைந்து நிற்கும் மக்கள் அக்குறையை நிறைவு செய்கின்றனர். ஆதலின், படத்தைத் திருவுருவாக்குவது எடுப்போர், காண்போர் ஆகிய இருவருள் ஒருவரேனும் அதில் செலுத்தும் தியானமே.