பேர் போடாத தண்ணீர்

மலையகத்து டயகமத் தோட்டத்தில் விடியுமுன்பே பீலிக்கரையில் குடங்கள் வரிசை பிடித்திருக்கும். மலையிடுக்கில் கசிகிற ஊற்றுக்குத் தகரமொன்றை வளைத்துச் செருகினால் அது பீலி. அங்கிருந்து, பொருத்துகளில் பழைய சைக்கிள் டியூப்பைக் கிழித்துக் கட்டிய கறுப்புக் குழாயொன்று தேயிலைக்கு ஊடாக எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு இறங்கினால் அதுவே எங்கள் குடிநீர்த் திட்டம். காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் குடம் நிறைந்துவிட வேண்டும். அதற்குமேல் பொழுது சாயும்வரை கணக்குத்தான். கொழுந்து கிலோக் கணக்கில் நிறுக்கப்படும்; ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிக்கப்படும்; நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழும். இவ்வளவு கணக்கறிந்த தோட்டத்தின் எந்தச் செக்ரோலிலும், அதாவது பேரேட்டிலும், தண்ணீருக்கு மட்டும் யாரும் பேர் போட்டதில்லை.

நாட்டிலுள்ள குழாய்க்கிணறு ஒவ்வொன்றும் எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு இறைக்கிறது என்று பதிந்துவைக்க வேண்டும் என்கிறார்கள். நியாயமான பேச்சு. ஆறு வற்றினால் கண்ணுக்குத் தெரியும். நிலத்தடியில் நீர் இறங்குவதை வாளி தரை தட்டும்போதுதான் அறிகிறோம். இங்கே தேயிலை நட்ட வெள்ளைக்காரர்கள் தங்கள் பிரித்தானியாவில் 1945-ஆம் ஆண்டே, 50 அடிக்கு மேல் நீருக்காகத் துளையிடுபவர் அரசுக்கு அறிவிக்க வேண்டுமென்று சட்டம் செய்துகொண்டார்கள். எங்கள் மலைக்கு அடியில் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் இல்லை, கடினப் பாறைதான். அது சிதைந்து மண்ணான மேலடுக்கிலும் அதன் வெடிப்புகளிலும் தங்கும் நீரே கிணறாகவும் பீலியாகவும் வெளிவருகிறது. மேலே ஒருவர் வெட்டும் துளை, கீழே முகமறியாத ஒருவரின் குடத்தை வெறுமையாக்கிவிடக்கூடும்.

இதை மலைநாடு ஒருமுறை கண்டது. 2014 டிசம்பரில், உமா ஓயா நீர்மின் திட்டத்துக்காகத் தோண்டிய சுரங்கத்துக்குள் நீர் பாய்ந்தபோது, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. வெடித்த சுவரையாவது சேதம் பார்க்க வருகிறவரிடம் காட்டலாம். வற்றிய ஊற்று முன்பு எத்தனை குடம் தந்ததென்று எதைக் காட்டி நிரூபிப்பது? 2024 ஏப்ரலில் அத்திட்டம் திறந்துவைக்கப்பட்டது. அது தரும் மின்சாரத்துக்கு எண் இருக்கிறது: 120 மெகாவாட்.

ஆனாலும் பதிவேடு என்ற சொல்லைக் கேட்டால் எங்களுக்கு உள்ளூர ஒரு தயக்கம். காட்டப் பத்திரமில்லாததால் 1948-இன் குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவரானோம். பிறகு, பதிவேட்டில் பெயர் ஏறியதால் கப்பல் ஏறினோம். நாட்டின் நீரைக் கவனிக்க நீர்வளச் சபையை உண்டாக்கிய சட்டம் வந்தது 1964-இல். அதே ஆண்டு ஒக்டோபரில் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எங்களில் 975,000 பேரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. நிலத்தடி நீர் எவ்வளவென்று எண்ணத் தொடங்குமுன்பே மனிதரை எண்ணுவதில் அவ்வளவு தேர்ச்சி வந்துவிட்டிருந்தது.

எந்தப் பதிவேடும் முதலில் உரிமையாளர் பெயரைக் கேட்கும். பீலிக்கு யார் பெயரைச் சொல்வது? 1970-களில் தோட்டங்களை எடுத்துக்கொண்ட அரசின் பெயரையா, 1992 முதல் அவற்றை நடத்தும் கம்பனியின் பெயரையா, காணி உறுதி ஏதுமின்றித் தலைமுறை தலைமுறையாக அதில் குடிப்பவர்களின் பெயரையா? துளையிடும் இயந்திரத்துக்குப் பணம் உள்ளவருக்கு எண் கிடைக்க, குடம் சுமப்பவர் மறுபடியும் ஏட்டுக்கு வெளியே நிற்பார் என்றால், அந்தக் கணக்கும் பாதிக் கணக்குத்தான். நாமும் குற்றமற்றவர்கள் அல்ல. பக்கத்து லயம் உறங்கும்போது ஊற்றில் இன்னொரு குழாயைச் செருகிவிட்டு வருவோம். விடிந்ததும் தண்ணீர் குறைந்துவிட்டதென்று அவர்களோடு சேர்ந்தே குறைப்படுவோம். பதிவேடு எழுத வருகிறவரிடம் நாம் மறைக்க நினைப்பதும் அந்தக் குழாயைத்தான். அடுத்த வீட்டுக் குடமும் நிறைய வேண்டும் என்பது நாம் அறியாத நியாயமல்ல.

டயகமவைக் கடந்து இறங்கும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவில் கலந்து, அணைக்குப் போய்ச் சேர்ந்தபின் மட்டம் பார்த்து அளக்கப்படுகிறது. அது புறப்படுகிற மலையில் அளவுகோல் வேறு. போன பங்குனியில் பீலி விரல் கனத்துக்கு மெலிந்தபோது, எப்போதிருந்து இப்படி என்று எங்கள் லயத்துப் பாட்டியிடம் கேட்டேன். அவர் தன் பிள்ளைப்பேறுகளை வைத்துக் கணக்குச் சொன்னார்: "மூத்தவன் பொறந்த கோடையில கைப்பருமனுக்கு ஊத்துச்சு. நடுவுலவளுக்கு மூங்கில் கனம். கடைக்குட்டிக்குத் துணி அலசத்தான் காத்துக் கெடந்தேன்."

எங்கள் லயத்துக்கென்று இருக்கிற நிலத்தடி நீர்ப் பதிவேடு அது ஒன்றுதான். அதற்கு எண்பது வயது தாண்டிவிட்டது.