மறந்தாரையும் மறவாத மாயோன்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



அந்திம காலத்தில் நினைவிழந்து கிடக்கும் ஜீவர்களுக்குக் கதி யாது என்னும் கவலையால், பூமிப்பிராட்டி ஸ்ரீவராஹப் பெருமானிடம் விண்ணப்பித்தாள். அதற்கு விடையாக அமைந்ததே வராஹ சரம சுலோகம். மனமும் உடலும் நலமுற்றிருக்கையில் தன்னை நினைத்த அடியவன், பின்பு கட்டை போலவும் கல் போலவும் கிடந்தாலும், அவனைத் தானே நினைத்துப் பரமபதம் சேர்ப்பதாகப் பெருமான் வாக்களித்தான். நினைக்கும் பொறுப்பையே தன்மேல் ஏறிட்டுக்கொண்டான்! பெரியாழ்வாரும் இளைப்புறும் காலத்தில் நினைக்க இயலாதென்று திருவரங்கநாதனிடம் முன்னமே விண்ணப்பித்து வைத்தாரன்றோ?

டிமென்ஷியா என்று மருத்துவர் கூறும் மறதிநோய் முதுமையின் இயல்பன்று. மூளையைப் பற்றும் நோய்களால் விளைவது. 2021-இல் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் இதற்கு ஆட்பட்டிருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலும் அண்மை நினைவு முதலில் அழியும். இளமையில் ஊறியது நெடுநாள் நிற்கும். மகன் பெயரை மறந்த தந்தை, பிறர் திருப்பாவை தொடங்கினால் தாமும் சேர்ந்து சேவிப்பதுண்டு. காலையில் நடந்ததை மாலையில் மறப்பார். ஆயினும் அதனால் உண்டான மகிழ்ச்சியோ கசப்போ நெஞ்சில் தங்கியிருக்கும்.

இத்தகையோரை, 'நாலுபேர் நகைப்பரே' என்று வீட்டிலே இருத்திவிட்டு, நாம் மட்டும் உற்சவத்துக்கு வருவது தகுமோ? தனிமை அவர் துயரைப் பெருக்கும். பழகிய கோஷ்டி அதைத் தணிக்கும்.

பெருங்கூட்டமும் வேட்டுச் சத்தமும் அவரை மருட்டும். ஆகையால் சந்நிதி அமைதியாயிருக்கும் வேளையில் அழைத்து வாருங்கள். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு அவர் மடியில் இருக்கட்டும். துளசி ஆய்தல், மாலை தொடுத்தல் போன்ற பழகிய கைங்கரியம் ஒன்றைக் கொடுங்கள். பிழையாகத் தொடுத்தாலும் அவரெதிரே பிரிக்காதீர்கள். 'நான் யார், சொல்லுங்கள்' என்று சோதியாமல், 'அப்பா, உங்கள் மகன் வந்திருக்கிறேன்' என்று நீங்களே சொல்லுங்கள். ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டாலும், பத்தாம் முறையும் முதல்முறை போலவே விடை பகருங்கள்.

அல்லும் பகலும் அவருக்குப் பணிவிடை செய்யும் மனைவியையோ மருமகளையோ நினைத்தோமா? ஒரு நாழிகை அவரருகே நாம் அமர்ந்து, அவளைப் பெருமாள் சேவைக்கு அனுப்பி வைப்பதும் பாகவத கைங்கரியமே.

அவர் நம்மை அறியாவிடினும், அவரை நாம் அறிவோம். நினைவிழந்தாரைத் தான் நினைக்கும் எம்பெருமானுக்கு அடியவரான நாம், நம்மை மறந்தவரை மறக்கலாகாது.

சுபம்.